கவர்னரைக் கட்டியவன் யார்?

சுங்கை பெசாரிலிருந்து கோல சிலாங்கூர் வரை வாய்க்காலும் பம்பும் இல்லாமல் காரியம் நடவாத பூமி. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் நாற்றங்காலுக்கு நீர் இறைக்க ஒரு சின்ன எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எஞ்சினில் கவர்னர் என்றோர் உறுப்பு உண்டு. மாளிகையில் வீற்றிருக்கும் கவர்னர் அல்ல. இவர் உண்மையாகவே வேலை செய்கிறவர்!

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு சிறு எடைகள். அவற்றுக்கு எதிராக இழுக்கும் ஒரு சுருள்வில். வேகம் மிஞ்சினால் எடைகள் விரிந்து, கார்புரேட்டரின் வழியைக் குறுக்கும். சுமை ஏறி வேகம் தணிந்தால் எடைகள் ஒடுங்கும். வில் அந்த வழியைத் திறந்துவிடும். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்தியதும் இந்தத் தத்துவந்தான்.

தோட்டமொன்றில் ஒரு பம்பு எஞ்சினைப் பார்த்தேன். கவர்னரின் நெம்புகோல் செப்புக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. சீக்கிரம் நீர் இறைத்து அன்றைய கணக்கை முடிப்பதற்காம். ஒருநாள் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தது. நீர் நின்றது, சுமை அற்றது. அந்த நொடியில் வழியை அடைக்க வேண்டிய கவர்னரோ கட்டுண்டு கிடந்தது. எஞ்சின் அலறியது, உள்ளே தண்டு முறிந்து, இரும்புக் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தது. பக்கத்தில் நின்றவர் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

மறுநாள் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. யாருக்கு? எஞ்சின் ஓட்டிய தொழிலாளிக்கு! அந்தக் கம்பியோ பச்சை பூத்துக் கிடந்தது. நேற்றுக் கட்டிய கம்பியா அது? மண்டோர் கண்ணில் படவில்லையா?

கட்டியது தவறே, அதை மறைக்க மாட்டேன். பாதுகாப்புக்காக வைத்த சாதனத்தில் கைவைப்பது 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி குற்றம். ஆனால் இயந்திரத்தைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை முதலாளியின் தலையில் சுமத்துவதும் அதே சட்டந்தான். ஒரு பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுவது என்ன நியாயம்?

கம்பி கட்டியதால் இலாபமாவது உண்டா? பம்பின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் நீரும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். எஞ்சினின் பாரமோ முக்கால் பங்குக்கு அருகே ஏறிவிடும். எண்ணெய்ச் செலவு யார் கணக்கில்?

தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷினில் பெரும்பாலும் கவர்னரே இராது. அங்கே தொழிலாளியின் விரல்தான் கவர்னர். ஏக்கர் கணக்கை ஏற்றினால் அந்த விரல் தளருமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கவர்னர் சரியாக இயங்கும் வேகத்தில் எவ்வளவு முடியுமோ, அதுவே ஒருநாள் கணக்காக இருக்கட்டும். கிராணிமார்களே, காலைப் பெரட்டில் எஞ்சினைக் கொடுக்கும்போது கவர்னர் எந்த நிலையில் இருந்தது என்று ஸ்டோர் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த கடிதம் வரும்போது அந்த வரியை எடுத்துக் காட்டலாம்.