கறியில் ஏது கோதுமை?

“கறியில ஏதுப்பா கோதுமை? தாராளமாச் சாப்பிடு.”

சீலியாக் நோய் உள்ள எவரும் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். சொல்பவர் பிரியத்தோடுதான் சொல்கிறார், சொன்ன கையோடு இலையில் இன்னொரு கரண்டி சுக்காவும் வைக்கிறார். அந்தப் பிரியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பேச்சுக்குள் இருக்கும் நம்பிக்கையின் மேல்தான் கோபம். சில மருத்துவர்களே “கோதுமை, மைதா, ரவை வேண்டாம், சோறு, கறி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடலாம்” என்று இரண்டு வரியில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கடையில் கறி வாங்கித் தின்னும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் நிற்பதில்லை, ரத்தமும் ஊறுவதில்லை.

ஆட்டின் மேல் குற்றமில்லை. வெள்ளாடோ செம்மறியோ, கோதுமைத் தவிடு தின்றே வளர்ந்திருந்தாலும் அதன் கறியில் குளூட்டன் இருக்காது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் உள்ளவரின் உடம்பை அது தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கவைக்கிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இரும்புச்சத்து சேராமல் சோகை பிடிக்கிறது, பிள்ளைகள் வளராமல் நின்றுபோகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆட்டுக்கறி தரும் இரும்பும் துத்தநாகமும் பெரிய உதவி. எனவே கறியைத் தள்ளச் சொல்லவில்லை. கசாப்புக் கடையில் வெட்டி வாங்கிய கறி இலைக்கு வருவதற்குள் எதையெல்லாம் தொட்டது என்று கேளுங்கள் என்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பரோட்டாக் கடை வாசலில் நின்று பாருங்கள். மாஸ்டர் மைதா உருண்டையை வீசி அடித்துச் சுருட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததை எடுத்து இரண்டு கையாலும் தட்டும்போது பொருக்கு நாலாபக்கமும் தெறிக்கிறது. அடுத்து அதே கல்லில் கொத்து பரோட்டா. கல் கொஞ்சம் ஒழிந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு, ஒரு கரண்டி எண்ணெய், மேலே மட்டன் சுக்கா. பரோட்டாவைக் கொத்திய தகடே சுக்காவையும் புரட்டுகிறது. கறி தோசை கேட்டால் அதுவும் அங்கேதான். மாவு அரிசியும் உளுந்தும், மேலே கறி, பெயரில் கோதுமையே கிடையாது. ஆனால் அடியில் இருப்பது அதே கல். சால்னா வாளிக் கரண்டியோ இலையில் கிடக்கும் பரோட்டாவை உரசிவிட்டு வாளிக்கே திரும்புகிறது.

“அண்ணே, சுக்காவுல மைதா சேப்பீங்களா?” என்று கேட்டால், “மட்டனுக்கு எதுக்குங்க மைதா?” என்றுதான் பதில் வரும். அவர் ஏமாற்றவில்லை. கேள்விதான் தப்பு.

இத்துனூண்டு தூளில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சீலியாக் நோயாளிகளை வைத்து இத்தாலியில் நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்தவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. பொதுவாக, நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களின் குடல் தாங்கும் என்கிறார்கள். ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. அப்படியென்றால் நாள் முழுவதற்குமான வரம்பைத் தாண்ட ஒரு சிட்டிகை மாவே அதிகம். “சூட்டுல எல்லாம் செத்துப்போயிடும்” என்பார்கள். சூட்டில் சாவது கிருமி. குளூட்டன் கிருமியில்லை, கல்லில் காய்ந்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் அது அதுவாகவே இருக்கும்.

கல் மட்டுமா? மட்டன் கட்லெட்டின் மேலே ரஸ்க் தூள். கோலா உருண்டைக்கு முறையாகப் பொட்டுக்கடலை மாவுதான், அதில் பயமில்லை. ஆனால் உருண்டை உடையாமல் இருக்க ரொட்டித் தூள் சேர்க்கும் கடைகளும் உண்டு. அதைப் பொரித்த எண்ணெயில் சமோசாவும் பொரிந்திருக்கும். மட்டன் சில்லியில் சோயா சாஸ் ஊற்றுகிறார்கள்; பல சோயா சாஸ்கள் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தவை. எலும்பு சூப்பைக் கெட்டியாக்கச் சோளமாவு போட்டார்களா மைதா போட்டார்களா என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

ரம்ஜான் மாதத்தில் இரண்டு பாத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும் கொத்துக்கறியும் சேர்ந்தது. ஹைதராபாத்திலிருந்து வந்த ஹலீமோ கோதுமையையும் கறியையும் மணிக்கணக்கில் கடைந்து ஒன்றாக்குவது. வெந்து குழைந்தபின் கோதுமை கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் ‘மட்டன் கஞ்சி’ என்று ஒரே கணக்கில் சேர்ப்பவரிடம் ஒரு நோயாளியின் குடலை எப்படி ஒப்படைப்பது?

பெருங்காயத்தையும் சொல்லவேண்டும். கறிக்குழம்புக்கு யாரும் அதைப் போடுவதில்லை. ஆனால் கறிச்சோற்றுக்குப் பின் வரும் ரசத்திலும் மோரிலும் அது இருக்கிறது. கூட்டுப் பெருங்காயம் என்பது பிசினோடு மாவு கலந்தது. அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் படித்தால் போட்டிருக்கும்.

இந்த அலட்சியத்துக்கு அடியில் இன்னொரு நினைப்பு இருக்கிறது: இது வடக்கத்தியர் நோய், சோறு தின்னும் நமக்கு வராது. பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட இந்திய ஆய்வைப் படித்தால் இந்த நினைப்பு நிற்காது. அதில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு, தென்னிந்தியாவில் 0.10 பேருக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு நிம்மதிதான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கும் மேல் இருந்தன. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் கோதுமை தின்னும் அளவில்தான்: வடக்கே நாளுக்கு 455 கிராம், தெற்கே 25. இன்று சர்க்கரைக்குப் பயந்து வீடு வீடாக ராத்திரிச் சப்பாத்தி. தெருவுக்குத் தெரு பரோட்டா. அந்த 25 எத்தனை நாளைக்கு 25ஆகவே இருக்கும்?

இன்னொரு கூட்டமும் இந்த நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறது. இளைப்பதற்காக ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று ஓட்டலில் கேட்டு வாங்கிவிட்டு, கடைசியில் நண்பர் தட்டிலிருந்து ஒரு துண்டு நானைப் பிய்த்துத் தின்பவர்கள். அதைப் பார்த்த சர்வர் அடுத்த முறை உண்மையான நோயாளி கேட்கும்போது ஏன் மெனக்கெடப் போகிறார்? சீலியாக்குக்கு வாழ்நாள் பத்தியத்தைத் தவிர வேறு மருந்தே இல்லை. டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையைக் காரணமாகக் காட்டியதிலிருந்து இன்றுவரை வைத்தியம் இதுதான். தப்பித் தவறித் தின்ற அன்றே எல்லோருக்கும் வலிப்பதும் இல்லை. “போன வாரம் சாப்பிட்டான், ஒண்ணும் ஆகலையே” என்று சித்தப்பா சொல்லும்போதும் உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டிருக்கலாம்.

பொட்டலத்தில் வரும் உணவுக்குச் சட்டம் இருக்கிறது. ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சிட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கோதுமை சேர்ந்திருந்தால் அட்டையில் சொல்லியே ஆகவேண்டும். தெருமுனைக் கடையின் சுக்காவுக்கு அட்டை கிடையாது, அங்கே நாம்தான் கேட்கவேண்டும். “மைதா இருக்கா?” என்று கேட்காதீர்கள். எந்தக் கல்லில் புரட்டுகிறீர்கள், எந்த எண்ணெயில் பொரித்தீர்கள், சூப் கெட்டியாக என்ன கரைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் பிடிபடவில்லை என்றால் கறியை வாங்கி வந்து, மாவு படாத சட்டியில், வீட்டில் இடித்த மிளகும் மல்லியும் போட்டு வையுங்கள். அதோடு சாப்பிடச் சோறு, இட்லி, கேழ்வரகுக் களி என்று எத்தனையோ இருக்கின்றன. விருந்தென்றால் அந்தப் பிள்ளைக்கு முதல் கரண்டியிலேயே தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள், பந்தியில் கரண்டி புழங்குவதற்கு முன்பாக.