ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலையா?

லேபியாபிளாஸ்டி பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எங்கட பெட்டையளின்ர குரல் தாழ்ந்துவிடும். பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களை வெட்டிச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை அது. விளம்பரங்களோ சத்தமாகவே பேசுகின்றன: ஒன்று, இரண்டு மணித்தியாலம், அன்றைக்கே வீடு. பொய்யில்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகுதான் கதையே தொடங்குது.

முதல் நாட்களில் வீக்கமும் நோவும் இருக்கும். கதிரையில் ஒழுங்காக இருக்க ஏலாது. சலம் போகும்போது எரியும். தையல் பெரும்பாலும் தானாகக் கரையும். உடலுறவு, சைக்கிள், டம்பொன் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஆறு கிழமைக்குத் தள்ளிவைக்க வேணும். வீக்கம் முழுதாக வற்ற மாதங்கள் எடுக்கலாம். தொற்று, இரத்தக்கசிவு, தழும்பு வரலாம். தொடுவுணர்வு குறையவும் கூடும். வெட்டினதைத் திரும்ப ஒட்ட ஏலாது.

உராய்வால் உண்மையாகவே நோகிற பெண்கள் இருக்கினம். அவைக்கு இது நிவாரணம்தான், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. எங்கட சண்டை 'வடிவாயில்லை' என்று நம்பவைக்கிறவர்களோடு. 2005இல் லண்டன் மருத்துவர்கள் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள்ளிதழின் அகலம் 7 மில்லிமீற்றரிலிருந்து 50 மில்லிமீற்றர் வரை இருந்தது. ஒரு பக்கம் நீண்டிருப்பதும் வழமைதான். பிறகு இந்த ஒற்றை அச்சை யார் வார்த்தது? (ஆபாசப் படம் பார்க்கிற பெடியளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.) 18 வயதுக்கு முன்னர் வழமையாக இதைச் செய்யக்கூடாது என்று பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரியே சொல்லியிருக்கிறது.

யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு பெண்நோயியல் மருத்துவரிடம் போங்கோ. 'எனக்கு இருக்கிறது வழமையானதா?' என்று வெட்கப்படாமல் கேளுங்கோ. வெட்டுறதுக்குக் காசு வாங்கிறவரிட்ட அந்தக் கேள்வியைக் கொண்டுபோகாதேங்கோ.