"லைன் ஸ்லோ" என்றால் போதாது, கணக்கைக் காட்டுங்க



2020-இல் அரசாங்கம் 'ஜெண்டேலா' திட்டத்தை அறிவித்தபோது, கைத்தொலைபேசி இணையத்தின் சராசரி வேகத்தை 25 மெகாபிட்டிலிருந்து 2022-க்குள் 35-க்கு உயர்த்துவோம் என்றது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்க. பட்டணத்தில் ஒருத்தருக்கு 60, தோட்டத்தில் ஒருத்தருக்கு 10 என்றாலும் சராசரி 35 தான். கைபேசிக்குச் சொன்னது வீட்டு இணையத்துக்கும் பொருந்தும். மேலிடத்துக் கணக்கு சரியாகவே இருக்கலாம். நம் லயத்துப் பிள்ளைக்குப் பாடம் திறக்காது. மாதாமாதம் வெள்ளி கட்டுகிற நாம்தான் நம் வீட்டு வேகத்தை அளக்கணும்.

"100 மெகாபிட் வாங்கினோம், படம் இறக்கினா 12 தான் காட்டுது, ஏமாத்திட்டான்" என்று சிலர் குமுறுகிறார்கள். இதில் ஏமாற்று கிடையாது. கம்பெனி சொல்வது மெகாபிட். இறக்கும்போது திரை காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. பால் எடை வேறு, காய்ந்த ரப்பர் எடை வேறு என்று மரம் வெட்டுகிறவனுக்குச் சொல்லியா தெரியணும்?

நிஜமான குறையும் உண்டு. அடுப்படியில் உட்கார்ந்து வைஃபையில் அளந்தால், சுவரும் தூரமும் தின்றது போக மிச்சம்தான் வரும். கம்பெனிக்காரன் "உங்க வீட்டுச் சுவர்" என்று நழுவிவிடுவான். அதனால் மடிக்கணினி ஒன்றை, இரவலாகவாவது வாங்கி, மோடத்தில் கேபிள் செருகி அளங்க. கிடைக்காவிட்டால் மோடத்துக்குப் பக்கத்திலேயே நின்று கைபேசியில் பாருங்க. டிவி, மற்ற போன் எல்லாம் அந்த நேரம் நிறுத்தியிருக்கணும். 300 வாங்கியும் 95-ஐத் தாண்டவில்லையா? பழைய கேபிளையோ பழைய மோடத்தையோ முதலில் சந்தேகப்படுங்க.

ஒரு தராசை மட்டும் நம்பாதீங்க. ஸ்பீட்டெஸ்ட் சில வேளை கம்பெனியின் சொந்த வலைக்குள்ளேயே இருக்கிற கணினியோடு அளக்கும். எண் அழகாக வரும். நெட்ஃபிளிக்ஸ் நடத்துகிற ஃபாஸ்ட் தளத்திலும் போட்டு ஒப்பிடுங்க.

காலையில் பெரட்டுக்கு முன்னால் ஒரு தடவை, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ஊரே லைனில் இருக்கும்போது ஒரு தடவை. காலையில் 95, ராத்திரி 20 என்றால் பெரும்பாலும் வெளியே நெரிசல். வீட்டு மோடத்தை மாற்றிப் பயனில்லை. ஏழு நாள் தேதி, மணி, எண் எழுதி, திரைப்படமும் பிடித்து வையுங்க. ஒரே லயத்தில் பத்து வீடு இப்படி எழுதினால் அந்தத் தாளுக்குக் கனம் அதிகம்.

முதலில் கம்பெனியிடம் புகார். அங்கே தீரவில்லையென்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குக் கொண்டு போகலாம். அதற்குக் கையில் அத்தாட்சி வேணும். ஆகவே கம்பெனியிடம் பேசும்போது புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீங்க.