டான்சில் ஆபரேஷனும் எட்டாம் நாள் இரவும்

டான்சில் எடுத்த குழந்தைக்கு ரத்தம் கசியாமல் தடுப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது. எந்த டாக்டர், எந்தக் கருவி என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். 2003–04இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 33,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த தணிக்கையில், கத்தியும் கட்டுநூலுமாகச் செய்யும் பழைய முறையைவிட மின்சூட்டு முறையில் ரத்தக்கசிவு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் ரத்தம் இரண்டு தவணையாக வரக்கூடியது. முதல் 24 மணி நேரத்தில் வந்தால் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, புண்மேல் படிந்த வெண்படலம் உதிரும்போது, பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வரும். குழந்தை அப்போது வீட்டில் இருக்கும். ஆகவே வீடு எங்கே இருக்கிறது என்பதும் சிகிச்சைத் திட்டத்தில் சேர வேண்டும்.

உதாரணத்துக்கு, எளாவூர் என்ற ஊரை வரைபடத்தில் பார்த்தால் கொல்கத்தா நெடுஞ்சாலை, ரயில் நிலையம், ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சென்னை. ஆனால் கிழக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் நள்ளிரவுக் கணக்கு வேறு. பேருந்து இருக்காது, அப்பா தொழிலுக்குப் போயிருக்கலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு டம்ளர் போனால் ஆறில் ஒரு பங்கு போன மாதிரி. அதையும் தூக்கத்திலேயே விழுங்கிவிடும்; தலையணையில் கறைகூட இருக்காது. அடிக்கடி எச்சில் விழுங்குவதும் பிறகு கறுப்பாக வாந்தி எடுப்பதும்தான் அடையாளம். இதைத் தாயிடம் சொல்லாமல் "ஐஸ்கிரீம் கொடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்.

நூறில் சிலருக்கு வருவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். அந்தக் கசிவுகளில் பல தானாகவே நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஆஸ்திரியாவில் 2006ஐ ஒட்டிச் சில சிறுகுழந்தைகள் இப்படி ரத்தம் கசிந்து இறந்த பிறகே, யாருக்கு இந்த ஆபரேஷன் தேவை என்ற விதியை அங்கே இறுக்கினார்கள். கசிவைத் தடுக்க மிக உறுதியான வழியும் அதுதான்: தேவையில்லாத ஆபரேஷனைச் செய்யாமலிருப்பது. ஓராண்டில் ஏழு முறைக்குக் குறையாமல் தொண்டை அழற்சி வந்தால் யோசிக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். தூக்கத்தில் மூச்சடைக்கும் குழந்தைக்கு மட்டும், பயந்துகொண்டு தள்ளிப்போடுவதே ஆபத்து.

மீன்பிடித் தடைக்காலத்தில், அப்பா கரையில் இருக்கும்போது செய்துகொள்ளட்டுமே என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. ஏரியில் வலை போடும் நாட்டுப்படகுக்காரருக்கு அல்ல. வீட்டுக்குப் போன குழந்தையைக் கிராம சுகாதார செவிலியர் விசாரிக்கட்டும் என்றால், அவருக்கு ஏற்கெனவே வேலைச்சுமை என்ற வாதம் வலுவானது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் ஒரு போன். கேட்பது இரண்டே கேள்வி: தண்ணீர் குடிக்கிறதா, ரத்தம் தெரிந்ததா? தொலைவிலுள்ள குடும்பம் அந்த வாரம் மட்டும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில், இரவிலும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் மருத்துவமனையின் பெயரை எழுதித் தரலாம். 108க்குப் போன் செய்யும் வீட்டார், எங்கே போக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட முடியும்.