முற்றத்து முட்டையும் பாரிசு மண்ணும்

பிரெஞ்சியர் சமையல் என்றவுடன் வெள்ளித் தட்டும், உயர்ந்த வெண்தொப்பி அணிந்த மடைவல்லாரும், வாயில் நுழையாப் பெயர்களுமே நம்மனோர் நினைவில் எழும். அஃது உணவு விடுதி முதலாளிகள் உலகெங்கும் விற்ற தோற்றம். அந்நாட்டு ஊர்ப்புறத்தாரின் அடுக்களை வேறு. கொல்லையில் நான்கு கோழி, ஒரு கட்டி வெண்ணெய், சிறிது உப்பு, நேற்றைய உரொட்டி. இவை இருந்தால் அவ்வீட்டார்க்கு இரவுணவு அமைந்துவிடும்.

ஆம்லெட்டு என்று நம் கடைத்தெருவில் வழங்கும் சொல் அவர்களுடையதே. ஆங்கிலர் வழி நம்மிடம் வந்து புகுந்தது. (முட்டையடை எனின் எவர்க்கு விளங்காது?) சொல் வந்ததேயன்றிப் பண்டம் வரவில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டு நம்மவர் சிவக்கச் சுடுவது சுவையானதே. ஆயினும் அது வேறு. பிரெஞ்சியர் மூன்று முட்டையை முள்கரண்டியால் சற்றே கலக்கி உப்பிட்டு, வாணலியில் வெண்ணெய் நுரைத்து அந்நுரை அடங்கும் வேளையில் ஊற்றுவர். வேகும் ஓரங்களை உள்நோக்கி இழுத்துவிட்டு, மேற்புறம் இன்னும் ஈரமாய் இருக்கும்போதே மடித்துத் தட்டில் கவிழ்ப்பர். இரண்டு மணித்துளிகூட ஆகாது. நிறம் இளமஞ்சளாய் இருத்தல் வேண்டும். பழுப்பேறினால் பழுது என்பது தேர்ந்தார் துணிபு.

இன்னும் எளியனவும் உள. சிறு மண்கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, ஒரு கரண்டிப் பாலேடு வார்த்து, முட்டையை உடைத்திட்டு, அக்கிண்ணத்தை வெந்நீர்த் தட்டில் நிறுத்தி அடுப்பறையில் வேகவைப்பர். ஓட்டோடு மூன்று மணித்துளி கொதிநீரில் இட்டெடுத்து, மேல்முனையைச் சீவி, நீளமாய் நறுக்கிய உரொட்டித் துண்டைக் கருவில் தோய்த்துக் குழந்தைகட்குக் கொடுப்பர். பர்கண்டிப் பகுதியாரோ ஓடு நீக்கிய முட்டையைச் செந்தேறலில் வேகவைத்து, அத்தேறலிலேயே குழம்பும் கூட்டுவர்.

இவற்றுள் எதனினும் குறையை மறைக்க இடமில்லை என்பதைக் காண்க. மிளகாயில்லை, மசாலையில்லை, முட்டை பழையதாயின் நாக்கு உடனே அறிந்துவிடும். ஓடு நீக்கிக் கொதிநீரில் இடும் முட்டைக்கோ புதுமையே உயிர். முட்டை ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே கரியமில வளி நாள்தோறும் வெளியேறும்; அதனால் வெண்கருவின் காரத்தன்மை மிகும்; கெட்டியாய் நின்ற வெண்கரு நீர்த்துப்போகும். அன்று இட்ட முட்டை நீரில் விழுந்தவுடன் மஞ்சட் கருவைத் தழுவிக்கொண்டு திரளும். நாட்பட்டதோ கந்தலாய்ப் பிரிந்து நீர் முழுவதும் பரவும். (அவித்து ஓடு உரிப்பதற்கு மட்டும் சற்றே பழைய முட்டை நன்று.) ஐரோப்பியச் சந்தை விதிப்படி, இட்ட ஒன்பதாம் நாள் வரைதான் ஒரு முட்டையை 'மிகப் புதியது' எனக் குறித்து விற்கலாம். கொல்லைக் கோழி வளர்ப்பான் அந்த ஒன்பது நாளையும் எண்ண வேண்டுவதில்லை. வைகறையில் கூட்டுக்குள் கைவிட்டால் அவன் கைக்குச் சூடு தட்டும்.

இவ்வுரிமையை ஊராட்சிகளே வளர்த்ததும் உண்டு. அல்சாசுப் பகுதியின் கோல்மார் நகர ஆட்சியினர் 2015-ஆம் ஆண்டு முதல், விரும்பிய வீட்டார்க்கு இரண்டிரண்டு கோழிகளைக் கொடுத்தனர். வீட்டு உணவுக் கழிவைக் கோழி தின்னும். நகரின் குப்பை குறையும். வீட்டார்க்கு முட்டையும் கிட்டும். பெரும்பொருள் செலவிட்டு ஆலை எழுப்பும் ஆட்சிகட்குத் தோன்றாத அறிவு இது!

இனிப் பாரிசைக் காண்போம். நகரையடுத்த இவ்ரியிலுள்ள குப்பை எரியாலையைச் சுற்றி வளர்ந்த கோழிகளின் முட்டையைக் குடிமக்கள் கூட்டமைப்பொன்று ஆய்வித்து, அதில் டையாக்சின் என்னும் நஞ்சு இருத்தலை 2022-இல் வெளியிட்டது. அதன்பின் அரசின் வட்டார நலவாழ்வு முகமையும் ஆய்ந்தது. டையாக்சினோடு, 'என்றும் அழியா வேதிப்பொருள்' எனப்படும் புளூரின் சேர்மங்களும் அகப்பட்டன. 2023-ஆம் ஆண்டின் இறுதியில், பாரிசு உள்ளிட்ட இல்-தெ-பிரான்சு வட்டாரம் முழுமையிலும் வீட்டுக் கோழிகளின் முட்டையை உண்ணற்க என அம்முகமை அறிவுறுத்தியது. 2025-இல் நெதர்லாந்திலும் இத்தகைய அறிவுரை நாடு முழுமைக்கும் விடுக்கப்பட்டது.

கரணியம் யாது? கோழி மண்ணைக் கிளறும், புழுவைத் தின்னும், புழுவோடு மண்ணையும் விழுங்கும். பல பத்தாண்டுகளாகப் புகைபோக்கிகளும் ஊர்திகளும் தொழிற்சாலைகளும் உமிழ்ந்து மண்ணில் படிந்தவை கொழுப்பிற் கரைந்தும் குருதியிற் கலந்தும் மஞ்சட் கருவை அடைகின்றன. கூண்டுக்குள் அடைபட்டுத் தொழிற்சாலைத் தீனி தின்னும் கோழி அம்மண்ணைத் தொடுவதேயில்லை. ஆகவே உரிமையோடு திரிந்த கோழியின் முட்டை தள்ளப்படுகிறது. அடிமைக் கோழியின் முட்டை கொள்ளப்படுகிறது. இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டோ?

முகமை சொன்னது பொய்யன்று. நஞ்சு நஞ்சே, குழந்தையும் கருவுற்ற பெண்டிரும் அதனை உண்ணலாகாது. அவ்வறிவுரையை இகழ்வார் பக்கம் நாம் நில்லோம். ஆயினும் அறிவுரை எவர்க்கு விடுக்கப்பட்டது என்பதே நம் வினா. நஞ்சு வந்த வாயில்கள் பல. ஒருவனைச் சுட்டிக் குற்றஞ்சாட்ட இயலவில்லை என்பர். அதனால் உமிழ்ந்தவர் எவரும் தண்டம் கட்டவில்லை. நான்கு கோழி வளர்த்தவன் மட்டும் தன் முட்டையைக் குப்பையில் எறிய வேண்டியவனானான். அக்குப்பையும் எரியாலைக்கே போகும் என்பதை எண்ணுக!

கொல்லை மண்ணை ஆய்ந்தறிய விரும்பும் வீட்டான் அச்செலவைத் தானே ஏற்றல் முறையன்று. அதனை அரசு ஏற்கட்டும். ஒவ்வோர் ஊரின் அளவையும் தெருத்தோறும் எழுதி ஒட்டட்டும். புகைபோக்கியில் அளந்ததைப் போலவே, அப்புகை படியும் மண்ணிலும் ஆண்டுதோறும் அளந்து, வரம்பை மீறிய இடத்தில் மேல்மண்ணை மாற்றித் தரும் பொறுப்பை எரியாலை நடத்துவோர் தலையிலும் சுமத்தட்டும். கோழிகளைக் கொன்றுவிடாமல் காத்திருக்கும் வீட்டார் அங்கு இன்னும் பலர் உளர்.