வாக்களிக்க வராதவர்களின் தேர்தல்: ஸ்கொட்லாந்தில் என்ன நடந்தது?

பிரித்தானியப் பொதுத் தேர்தல் 2024 ஜூலை 4ஆம் திகதி நடைபெற்றது. பதினான்கு வருட கன்சர்வேடிவ் ஆட்சி முடிவுக்கு வரும், கெயர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி ஆட்சியமைக்கும் என்பதே அநேகமாக எல்லாக் கருத்துக் கணிப்புகளும் அதற்கு முன் சொன்ன செய்தி. ஆனால் 57 ஆசனங்களைக் கொண்ட ஸ்கொட்லாந்தில் நடந்தது சற்று வேறுவிதமான தேர்தல். அங்குள்ள மக்கள் ஒரே நேரத்தில் இரண்டு அரசாங்கங்கள் மீது சலிப்படைந்திருந்தார்கள். ஒன்று லண்டனில் அப்போதிருந்த கன்சர்வேடிவ் அரசு. மற்றது, எடின்பரோவில் 2007 முதல் ஆட்சியிலிருக்கும் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி அரசு.

இந்தச் சலிப்பு எந்த வடிவத்தில் வெளிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் இடைத்தேர்தலின் கணக்கே போதும். கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள ரதர்க்ளென் - ஹமில்டன் மேற்குத் தொகுதியில் 2023 ஒக்டோபர் 5ஆம் திகதி அது நடந்தது. கொவிட் விதிகளை மீறிய தேசியக் கட்சி உறுப்பினரைத் தொகுதி மக்களே மனுவில் ஒப்பமிட்டு பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். தொழிற்கட்சி 58 சதவீத வாக்குகளுக்கு மேல் பெற்று வென்றது. "பூகம்பம்" என்று பத்திரிகைகள் எழுதின.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2019இல் அங்கு தோற்ற தொழிற்கட்சி பெற்றது 18,545 வாக்குகள். 2023இல் வென்றபோது பெற்றது 17,845. அதாவது, 700 வாக்குகள் குறைவாகப் பெற்று வென்றது. தேசியக் கட்சியோ 23,775இலிருந்து 8,399க்கு இறங்கியது. வாக்களித்தோர் 37 சதவீதம்தான். இடைத்தேர்தல்களில் வாக்களிப்பு குறைவது வழமை. அப்படியிருந்தும், தேசியக் கட்சி இழந்த பதினைந்தாயிரம் வாக்குகளில் பெரும்பகுதி தொழிற்கட்சிக்குப் போகவில்லை, வாக்குச்சாவடிக்கே வரவில்லை என்பது தெளிவு. இந்தத் தேர்தலின் மையமான விடயம் இதுதான் என்பது என் கணிப்பு.

நம்பிக்கை கரைந்த விதம்

இதே மக்கள்தான் 2014 செப்டெம்பரில் சுதந்திரம் குறித்த சர்வஜன வாக்கெடுப்பில் 84.6 சதவீதம் வாக்களித்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். 55க்கு 45 என்று சுதந்திரக் கோரிக்கை தோற்றது. ஆனால் தோற்ற தரப்பின் உற்சாகம் அடங்கவில்லை. எட்டு மாதங்களில் வந்த பொதுத் தேர்தலில் தேசியக் கட்சி 59இல் 56 ஆசனங்களை அள்ளியது. 2010இல் 41 ஆசனங்கள் வைத்திருந்த தொழிற்கட்சிக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. நமது விகிதாசார முறை அங்கில்லை. ஒரு தொகுதியில் கூடிய வாக்குப் பெற்றவரே உறுப்பினர். அதனால்தான் 50 சதவீத வாக்கு 95 சதவீத ஆசனங்களைக் கொடுத்தது. ஏற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டிய அதே முறை, இறக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் "இம்முறை ஆணை தாருங்கள், அடுத்த வாக்கெடுப்பு வரும்" என்று தேசியக் கட்சி கேட்டது. மக்களும் கொடுத்தார்கள். லண்டன் மறுத்தது. லண்டனின் சம்மதமின்றி ஸ்கொட்லாந்து பாராளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற முடியாது என்று 2022 நவம்பரில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வாசல் அடைபட்டது. மாற்று வழி எது என்பதற்குக் கட்சியிடம் 2024 தேர்தலின்போது தெளிவான பதில் இருக்கவில்லை.

பெரிய கனவு தள்ளிப்போகும்போது மக்கள் அன்றாடக் கருமங்களைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். தீவுகளுக்கு ஓடவேண்டிய இரண்டு கப்பல்கள் 97 மில்லியன் பவுணுக்கு ஒப்பந்தமாகி 2018இல் சேவைக்கு வந்திருக்க வேண்டும். 2024 தேர்தல் வேளையிலும் வரவில்லை. செலவு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. கட்சியின் நிதி குறித்துப் பொலிஸ் விசாரணை நடந்தது. சுகாதார அமைச்சராக இருந்தவர் மொரோக்கோ விடுமுறையில் பயன்படுத்திய ஐபேட்டுக்கு வந்த பட்டியல் ஏறத்தாழ 11,000 பவுண். அவரைத் தண்டிக்கப் பாராளுமன்றக் குழு பரிந்துரைத்தபோது, புதிய முதலமைச்சர் ஜோன் சுவின்னி குழுவின் நடைமுறையைத்தான் குறைகூறினார்.

ஆசிரியன் என்ற வகையில் என்னை அதிகம் பாதித்தது கல்வி. வறிய, வசதியான மாணவர்களுக்கிடையிலான அடைவு இடைவெளியைக் குறைப்பதை வைத்தே தன்னை மதிப்பிடுமாறு நிக்கோலா ஸ்டர்ஜன் 2015இல் கேட்டுக்கொண்டார். ஓர் அரசியல்வாதி இப்படித் தனக்கே பரீட்சை வைத்துக்கொள்வது அபூர்வம். அந்த இடைவெளி இன்னும் அகலமாகவே இருக்கிறது. பதினைந்து வயது மாணவர்களுக்கான சர்வதேச பீசா மதிப்பீட்டில் ஸ்கொட்லாந்தின் கணிதப் புள்ளி 2018இல் 489. 2022இல் 471. கொவிட் எல்லா நாடுகளையும் தாக்கியது உண்மை. என்றாலும் பெற்றோருக்கு அந்த விளக்கம் போதவில்லை.

நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. வறிய குடும்பங்களுக்குப் பிள்ளையொன்றுக்கு 2024இல் வாரம் 26.70 பவுணாக இருந்த கொடுப்பனவு ஸ்கொட்லாந்தில் மட்டுமே உள்ளது. பல்கலைக்கழகக் கட்டணமும் அங்குள்ள மாணவர்களுக்கு இல்லை.

கட்சிகளின் வியூகம்

தேசியக் கட்சி தன் விஞ்ஞாபனத்தின் முதல் பக்க முதல் வரியில் சுதந்திரத்தை வைத்திருந்தது. பெரும்பான்மை ஆசனங்கள் கிடைத்தால் லண்டனுடன் பேச்சுவார்த்தை தொடங்குவோம் என்றது. தொழிற்கட்சி எப்படியும் வெல்லும், ஆகவே ஸ்கொட்லாந்துக்காகப் பேச எங்களை அனுப்புங்கள் என்பது அதன் இன்னொரு வாதமாக இருந்தது.

தொழிற்கட்சியின் வியூகம் அடக்கமானது. கன்சர்வேடிவ்களை அகற்ற வேண்டும், எதிர்த்துக் குரலெழுப்புபவர்களைவிட அரசாங்கத்துக்குள் இருப்பவர்களை அனுப்புங்கள் என்றது. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுப்பனவைக் கட்டுப்படுத்திய 2017ஆம் ஆண்டு விதியை நீக்க ஸ்டார்மர் வாக்குறுதி தரவில்லை. அந்த விதியை எதிர்ப்பதாக அவரது ஸ்கொட்லாந்துத் தலைவர் அனஸ் சர்வார் சொன்னார். வாக்காளர் யாரை நம்புவது?

கன்சர்வேடிவ் கட்சி, தேசியக் கட்சியைத் தோற்கடிக்கத் தமக்கு வாக்களியுங்கள் என்பதோடு நின்றது. அதன் அப்போதைய ஸ்கொட்லாந்துத் தலைவர் டக்ளஸ் ரொஸ், பிரசாரத்தின் நடுவிலேயே தேர்தலுக்குப் பின் விலகுவதாக அறிவித்துவிட்டார். ஆக, மூன்று கட்சிகளும் இன்னொருவரைக் காட்டித்தான் வாக்குக் கேட்டன.

பெயரும் நிலைப்பாடும்

நமது வாசகர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. ஸ்கொட்லாந்தில் முஸ்லிம்கள் சுமார் 2.2 சதவீதத்தினர் மட்டுமே. ஆயினும் 2023இல் அங்கு முதலமைச்சராக ஹம்ஸா யூசுபும் தொழிற்கட்சித் தலைவராக அனஸ் சர்வாரும் இருந்தார்கள். இருவரும் கிளாஸ்கோவின் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். சர்வாரின் தந்தை முஹம்மத் சர்வார் 1997இல் பிரித்தானியாவின் முதல் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினரானவர்.

பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டை யூசுப் 2024 ஏப்ரலில் முறித்துக்கொண்டார். பெரும்பான்மை கைவிட்டுப் போக, பதின்மூன்று மாதங்களில் பதவி விலகல் அறிவித்தார். அவரது அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது சர்வாரின் கட்சி. இதில் துரோகம் எதுவுமில்லை. அரசியல் அப்படித்தான் இயங்குகிறது.

காஸா விடயத்தில் இருவரும் தத்தமது இடத்திலிருந்து பேசினார்கள். யூசுபின் மனைவியின் பெற்றோர் குண்டுவீச்சுக்கு மத்தியில் வாரக்கணக்கில் காஸாவில் சிக்கியிருந்தார்கள். 2023 நவம்பரில் அவரது கட்சி யுத்த நிறுத்தத்தைப் பாராளுமன்ற வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தபோது, 56 தொழிற்கட்சி உறுப்பினர்கள் தலைமையை மீறி ஆதரித்தார்கள். சர்வாரும் ஸ்டார்மருக்கு முன்பே யுத்த நிறுத்தம் கோரினார். ஆனால் ஜூலை 4இல் வாக்குச்சீட்டில் இருந்தது ஸ்டார்மரின் கட்சி. கிளாஸ்கோவின் முஸ்லிம் வாக்காளர் முன்னிருந்த கேள்வி, தன் பெயரையொத்த தலைவரின் சொல்லுக்கு லண்டனில் எவ்வளவு பெறுமதி இருக்கும் என்பதே.

தேர்தல் திகதிகூட அவர்களைக் கேட்டுக் குறிக்கப்படவில்லை. ஸ்கொட்லாந்தின் பாடசாலைகளுக்கு ஜூன் இறுதியிலேயே விடுமுறை தொடங்கிவிடும். பல குடும்பங்கள் பயணம் போய்விடும். இது தம் மக்களை மதிக்காத செயல் என்று சுவின்னி கண்டித்ததில் நியாயம் இருக்கிறது.

முடிவுகள் வெளியாகும்போது எல்லோரும் பார்ப்பது ஆசனக் கணக்கை. தொழிற்கட்சி ஸ்கொட்லாந்தில் பெரிதாக எழக்கூடும் என்றே தேர்தலுக்கு முன் எதிர்பார்க்கப்பட்டது. நான் முதலில் பார்ப்பது வாக்களித்தோர் வீதத்தை. 2019இல் அது 68 சதவீதம். அது கணிசமாகக் குறைந்திருந்தால், தொழிற்கட்சிக்குக் கிடைப்பது மற்றவர்கள் வராததால் கிடைத்த வெற்றியே. வீட்டிலிருந்தவர்கள் திரும்பி வர அடுத்த வாய்ப்பு 2026 மே மாத ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத் தேர்தல். இடைப்பட்ட இரண்டு வருடங்களில் அவர்களுக்கு என்ன செய்து காட்டினார்கள் என்று புதிய ஆட்சியாளர்களும் பதில் சொல்ல வேண்டிய தேர்தல் அது.