பாஸ்புக்கில் ஓடாத ஆறு

"அதான் பணம் வாங்கிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்கு இது காதுக்குப் பழகிய கேள்வி. 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் பொக்லைன்கள் இறங்கியபோதும் கேட்டார்கள். இரண்டாம் சுரங்கம் விரிய வேண்டும். ஆறு வழியில் கிடக்கிறது. ஆகவே ஆறு நகர வேண்டும்.

நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியாயிற்று என்றது என்.எல்.சி. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். கணக்கு முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை என்கிறேன் நான்.

கும்பகோணத்தைப் பாருங்கள். இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் அங்கேதான் தொடங்கியது. முதல் கிளை 1930இல் மன்னார்குடியில். பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், மாயவரம். எல்லாம் காவிரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்கள். ஆற்றின் கிளைகள் போன பக்கமே வங்கியின் கிளைகளும் போயின. அடுத்த வருஷமும் தண்ணீர் வரும், அறுப்பு முடிந்ததும் கடன் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லாமல் வயலை நம்பி எவன் கடன் கொடுப்பான்? எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஜாமீன் அந்த ஆறு.

அங்கே ஆறு வங்கியை வளர்த்தது. இங்கே ஆற்றை ஒதுக்கிவிட்டு, வங்கிக் கணக்கில் ஒரு தொகையைப் போடுகிறோம். வயல் போகத்துக்குப் போகம் தரும். பாஸ்புக்கில் விழுந்த பணம் ஒரு கல்யாணத்தோடு, ஒரு வீட்டோடு கரையும். அதுவும் பட்டா உள்ளவருக்கு. குத்தகைக்காரருக்கும் நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் என்ன வரவு? ஆறுதான் அவர்களுடைய பிழைப்பு, அதற்கோ பட்டா கிடையாது.

மண்ணுக்குக் கீழேயும் இதே கதைதான். சுரங்கத்தின் தரை பொங்கிவிடாமலிருக்க, அடியிலுள்ள நீரை இரவும் பகலும் இறைக்கிறார்கள். நாம் யாரும் போடாத டெபாசிட்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

"அப்போ கரண்ட் வேணாமா?" வேண்டும். அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்தவன்தான் நானும். விலையைக் கொடுத்து வாங்கு என்றுதான் சொல்கிறேன். சுரங்கம் ஓடும் காலம்வரை ஆண்டுதோறும் பங்கு கொடு. பட்டா இல்லாதவர்களையும் கணக்கில் சேர். பெருமாள் ஏரிக்குப் போகும் தண்ணீருக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடு. அதற்குப் பிறகு பேசலாம் லாபத்தைப் பற்றி.